ஓசூர் – போச்சம்பள்ளி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேருகிறவர்களுக்கு: ரோல், லைன், ஓடி (ஓவர்டைம்) கணக்கு

#1 பாரூர்_ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க சிப்காட் ஆகிவிட்டது. போன் உறை, சர்க்யூட் போர்டு, பேட்டரி பேக், மின் ஸ்கூட்டர் என்று செய்கிற புதுக் கம்பெனிகள் மாதத்துக்கு மாதம் ஆளெடுக்கின்றன. தருமபுரி, அரூர், பென்னாகரம் வரைக்கும் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.

"உள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்டால் வருவது இரண்டே பதில். "சூப்பர் ப்ரோ", இல்லாவிட்டால் "போகாதே, பிழிஞ்சிடுவாங்க". இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதனால் இந்த இழையில் சொந்தக் கதை வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். எண், முறை, காரணம் மட்டும் போடுங்கள். ஐடிஐ, டிப்ளமோ, பிளஸ் டூ முடித்துவிட்டு சேரப்போகிறவர்கள் படிப்பார்கள்.

#2 சம்பளச்சீட்டு

கம்பெனி பெயரைக் கேட்பதற்கு முன்னால் யாருடைய ரோல் (சம்பளப் பட்டியல்) என்று கேளுங்கள். ஒரே கேட், ஒரே யூனிஃபார்ம், ஒரே லைன். உள்ளே நாலு வகை ஆட்கள்.

நிரந்தரம்: கம்பெனியே சம்பளம் போடும். புதுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் மட்டத்தில் இது குறைவு.

குறிப்பிட்ட கால ஒப்பந்தம்: கம்பெனி ரோல்தான், முடிவுத் தேதியோடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி இவர்களுக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. நிரந்தர ஆளுக்கு உள்ள ஐந்து வருடக் கணக்கு இவர்களுக்கு இல்லை. நிறைய பேருக்கு இது தெரியாது.

கான்ட்ராக்டர் ரோல்: ஆஃபர் லெட்டரில் மனிதவள ஏஜென்சியின் பெயர் இருக்கும். கான்ட்ராக்டர் சம்பளம் போடாமல் ஓடினால் முதன்மை நிறுவனம் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். ஆனால் நீங்கள் வேலை செய்த நாட்களுக்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

அப்ரென்டிஸ்: 1961 சட்டத்தின் கீழ் இவர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். உதவித்தொகைதான் கிடைக்கும். பிஎஃப், ஈஎஸ்ஐ பிடிக்க மாட்டார்கள். ஓவர்டைம் பார்க்க வைக்க அப்ரென்டிஸ் அதிகாரியின் அனுமதி வேண்டும். அரசு போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகி எண் வந்திருக்க வேண்டும். எண்ணே இல்லை, ஆனால் "ட்ரெய்னி" என்று கார்டில் போட்டிருக்கிறது, லைனில் முழு டார்கெட் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் நீங்கள் தொழிலாளிதான். பிஎஃப், ஈஎஸ்ஐ கேளுங்கள்.

சேரும்போது ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "ஜாயினிங் சார்ஜ்" என்று இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும் ஆளிடம் நிற்கவே வேண்டாம்.

#3 லைன்_லீடர்_பர்கூர்

வேகமாக வளர்கிற கம்பெனி என்றால் ஷாப் ஃப்ளோரில் அதற்கு ஒரே அர்த்தம்: லைன் இன்னும் செட்டில் ஆகவில்லை. கஷ்டம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது, சூப்பர்வைசர் கெட்டவன் என்பதால் இல்லை (அப்படியும் சிலர் உண்டு, அது வேறு).

கணக்கு பாருங்கள். ஒரு லைனில் 20 ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் 100-க்கு 99 நல்லதாகப் போகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடைசியில் ஒரு தடவைகூட ரீவொர்க் (பழுதைத் திருத்தும் வேலை) இல்லாமல் வெளியே வருவது 100-க்கு சுமார் 82 தான். 99 என்பது 98 ஆனால் 67. புது லைனில் முதல் சில மாதம் 98 வருவதே பெரிது. மிச்சம் எல்லாம் ரீவொர்க் டேபிளில் குவியும், டார்கெட் விழும், அதை ஈடுகட்ட ஓடி போடுவார்கள். புது மாடல் இறங்கும் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவது இதனால்தான். பழைய மாடல் ஓடும் லைனில் அதே கம்பெனியில் நிம்மதியாக வேலை பார்க்கலாம். எந்த லைன் என்று கேட்டுச் சேர முடியாது, சரி. ஆனால் லைன் மாற்றம் கேட்கலாம்.

எஸ்எம்டியில் (சர்க்யூட் போர்டில் குட்டிப் பாகங்களைப் பொருத்தும் பகுதி) சேருகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாக.

சால்டர் பேஸ்ட் (பாகத்தை போர்டில் ஒட்டவைக்கும் உலோகப் பசை): ஃபிரிட்ஜில் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும். எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது, அறை வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம் வைத்துத்தான் திறக்க வேண்டும். ஜில்லென்று திறந்தால் காற்றின் ஈரம் பேஸ்ட்டில் இறங்கும். ரீஃப்ளோவில் (பேஸ்ட்டை உருக்கும் அடுப்பில்) அது ஆவியாகித் தெறித்து சின்னச் சின்ன சால்டர் உருண்டையாக போர்டில் ஒட்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் "அவசரம், திற" என்று யாராவது சொல்வார்கள். டப்பாவின் லேபிளில் எடுத்த நேரம், திறந்த நேரம் இரண்டையும் எழுதிவிட்டுத் திறந்தால், டிஃபெக்ட் வரும்போது உங்கள் தலையில் விழாது.

ஸ்டென்சில் பிரிண்டிங்: டிஃபெக்டில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. துளை வழியாக பேஸ்ட்டை போர்டில் பூசும் 0.1 முதல் 0.12 மில்லிமீட்டர் தகடு அது. துளையில் காய்ந்த பேஸ்ட் அடைத்தால் ஒரு முனையில் பேஸ்ட் குறையும். 0402, 0201 என்ற அளவு எண் உள்ள குட்டி பாகத்தில் ஒரு பக்கம் முதலில் உருகி இழுக்க, மறு பக்கம் தூக்கி நின்றுவிடும். டூம்ப்ஸ்டோன் என்பார்கள். பாகத்தை எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷினைத் திட்டிக்கொண்டிருக்காமல் ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

ரீஃப்ளோ: இப்போது ஓடுவது பெரும்பாலும் ஈயமில்லாத கலவை. தகரம் 96.5, வெள்ளி 3, தாமிரம் 0.5 சதவீதம். உருகத் தொடங்குவது 217 டிகிரி. உச்சம் 240-ஐ ஒட்டி வைப்பார்கள். 217-க்கு மேலே இருக்கும் நேரம் தோராயமாக 60 முதல் 90 வினாடி. மாடல் மாறியதும் புரொஃபைல் (அடுப்பின் வெப்பக் கணக்கு) பார்க்காமல் ஓட்டினால் போர்டு வெளியில் பளபளவென்று இருக்கும், சிப்புக்கு அடியில் உள்ள சால்டர் பந்தும் பேஸ்ட்டும் ஒட்டாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் வீட்டில்தான் தெரியும்.

ஈரம் பிடிக்கும் சிப்: பாக்கெட்டில் எம்எஸ்எல் 3 (ஈரம் பிடிக்கும் தன்மையின் நிலை) என்று போட்டிருந்தால் திறந்தபின் 168 மணி நேரம்தான், அதுவும் 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மேல் போகாத அறையில். தாண்டினால் பேக்கிங் (அடுப்பில் வைத்து ஈரம் போக்குவது) போட வேண்டும். தாண்டியதை அப்படியே ஏற்றினால் ரீஃப்ளோவில் உள்ளே ஆவி கட்டி சிப் பிளக்கும்.

#4 ஊத்தங்கரை_டிப்ளமோ

அண்ணா, ஒரு சின்ன டவுட். காலை ஷிப்டில் உள்ளே போகும்போது ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்பின் நிலை மின்சாரத்தை வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டை) டெஸ்டர் சிவப்பு காட்டுகிறது என்று நிறைய பேர் சொல்கிறார்கள். மத்தியானம் அதே ஸ்ட்ராப் பச்சை. பத்து நிமிடம் லேட் என்று அரை மணி சம்பளம் பிடிக்கிறார்களாம். ஸ்ட்ராப் கோளாறா?

#5 லைன்_லீடர்_பர்கூர்

தோல் கோளாறு தம்பி. ஸ்ட்ராப்பின் ஒயரில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறிப்போய் கரண்ட் தொட்டாலும் உடம்பு வழியாக ஓடுவதைக் குறைக்க அது. டெஸ்டர் பார்ப்பது ஸ்ட்ராப் மட்டுமல்ல, உங்கள் தோலும் சேர்ந்த மொத்த எதிர்ப்பை. ஓசூர் மார்கழி, தை காலையில் தோல் வறண்டிருக்கும், எதிர்ப்பு எகிறும். மத்தியானம் கொஞ்சம் வியர்த்ததும் பாஸ் ஆகும்.

செய்ய வேண்டியது: ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் இறுக்கமாக, உலோகத் தகடு தோலில் படும்படி கட்டுங்கள். முழுக்கை சட்டை மேலே கட்டினால் பயனில்லை. கம்பெனியே ஈஎஸ்டி (நிலை மின்சாரத் தடுப்பு) லோஷன் வைத்திருக்கும், கேளுங்கள். வீட்டு வேஸ்லின், தேங்காயெண்ணெய் வேண்டாம். விரலிலிருந்து போர்டில் ஏறினால் கோட்டிங் பிடிக்காது. பழைய ஸ்ட்ராப்பில் எலாஸ்டிக்கில் உள்ள கடத்தும் நூல் அறுந்திருக்கும், மாற்றித்தரச் சொல்லுங்கள். ஹீல் ஸ்ட்ராப்பில் நாடா சாக்ஸுக்குள்ளே போயிருக்க வேண்டும். பாதிப் பேர் அதை வெளியே தொங்கவிட்டு நடக்கிறார்கள்.

#6 காவேரிப்பட்டணம்_சிஎன்சி

போன் உறை, சேசிஸ் பக்கம் போகிறவர்களுக்கு. அங்கே வேலை அலுமினியம் மில்லிங், பிறகு சாண்டிங், பிளாஸ்டிங், அனோடைசிங். எஸ்எம்டி மாதிரி ஏசியில் உட்காரும் வேலை இல்லை.

கூலண்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் திரவம்): ரிஃப்ராக்டோமீட்டரில் அதன் செறிவைத் தினமும் பார்க்க வேண்டும். சப்ளையர் சொன்ன அளவு, பொதுவாக 5 முதல் 10 சதவீதத்துக்குள். காட்டும் பிரிக்ஸ் எண்ணை அப்படியே எழுதாதீர்கள், கூலண்ட் டப்பாவில் போட்டிருக்கும் காரணியால் பெருக்கணும். குறைந்தால் டூல் தேயும், பாக்டீரியா வளர்ந்து திங்கட்கிழமை காலை மெஷின் நாறும். கூடினால் கை அரிக்கும். நம்ம மாவட்டத்து போர் தண்ணி உப்பு. அதில் கலந்தால் மேலே சோப்புப் படலம் மாதிரி ஒதுங்கும், பார்ட்டில் கறை விழும். ஆர்ஓ தண்ணீர்தான்.

கையில் சிவப்புத் தடிப்பு வந்தால் அலட்சியம் வேண்டாம். நைட்ரைல் கிளவுஸ், பேரியர் கிரீம். ஆனால் சுற்றுகிற ஸ்பிண்டில் பக்கம் கிளவுஸோடு கை போகவே கூடாது. துணி கிளவுஸ் சுருட்டி இழுத்தால் விரல் போய்விடும். ஏர் கன்னால் உடம்பைத் துடைக்காதீர்கள். அலுமினியத் துகள் கண்ணுக்கும் தோலுக்கும் உள்ளே போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூசி. சாண்டிங், பாலிஷ் பகுதியில் பறக்கும் நுண்ணிய அலுமினியத் தூசி வெடிக்கும். 2014 ஆகஸ்டில் சீனாவின் குன்ஷானில் சக்கர பாலிஷ் ஆலையில் அப்படித்தான் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டக்ட் மேலே, பீம் மேலே தூசி படிந்திருந்தால் அது ஆபத்து. ஏர் கன் வைத்து ஊதி சுத்தம் செய்யக் கூடாது, அதுதான் தூசியை மேகமாக்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். டி வகை (உலோகத் தீக்கான) தீயணைப்பான் அல்லது உலர்ந்த மணல். உங்கள் பகுதியில் டி வகை எங்கே மாட்டியிருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். சிவப்பு சிலிண்டர் என்று பொதுவாகப் பார்த்துவிட்டு வராதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

#7 ராயக்கோட்டை_தக்காளி

இதெல்லாம் சரி. ஓடி இரட்டிப்பு என்கிறார்கள், கையில் வருவது சிங்கிள் மாதிரி இருக்கிறதே. மொத்தம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். யாராவது போட்டுக் காட்டுங்கள்.

#8 சம்பளச்சீட்டு

நல்ல கேள்வி. 18,000-ஐ இப்படிப் பிரிப்போம்: அடிப்படையும் பஞ்சப்படியும் 9,000, வீட்டு வாடகைப்படி 5,000, பயணப்படி 2,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 2,000.

மொத்தத்தை 26 நாள், 8 மணி என்று வகுத்தால் ஒரு மணி ரூ.86.54. இரட்டிப்பு ரூ.173.08.
அடிப்படையை மட்டும் வகுத்தால் ஒரு மணி ரூ.43.27. இரட்டிப்பு ரூ.86.54.

பார்த்தீர்களா? அடிப்படை சரியாகப் பாதியாக இருந்தால், அடிப்படையின் இரட்டிப்பு என்பது மொத்தத்தின் சிங்கிள்தான். மாதம் 40 மணி ஓடி என்றால் 6,923-க்குப் பதில் 3,462 வரும். பழைய 1948 தொழிற்சாலைச் சட்டம் 59-ஆம் பிரிவு "அடிப்படையும் படிகளும்" என்றது, அடிப்படை மட்டும் என்று சொல்லவில்லை.

#9 கெலமங்கலம்_சட்டம்

#8-க்கு ஒரு திருத்தம். புதிய தொகுப்பில் "ஊதியம்" என்பதன் வரையறை வேறு. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சேராது. ஆனால் அப்படி விலக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும். நீங்கள் போட்ட உதாரணத்தில் விலக்கு 7,000 தான். "ஸ்பெஷல் அலவன்ஸ்" விலக்குப் பட்டியலில் இல்லை, அதனால் ஊதியம் 11,000. மணிக்கு ரூ.52.88, இரட்டிப்பு ரூ.105.77, நாற்பது மணிக்கு 4,231. ஆக 3,462 போடுகிற கம்பெனி புதுக் கணக்கிலும் குறைத்துத்தான் போடுகிறது. 11,000-க்கு பிஎஃப் 12 சதவீதம் என்றால் 1,320. அதையும் சீட்டில் ஒத்துப்பாருங்கள்.

"12 மணி ஷிப்ட்" என்று இன்டர்வியூவில் சொன்னால் 8 மணி வேலை, 4 மணி ஓடி என்று எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேரத் திருத்தத்தை மே மாதமே அரசு திரும்பப் பெற்றுவிட்டது. பழையதிலும் புதியதிலும் வாரத்துக்கு 48 மணிதான்.

#10 ஊத்தங்கரை_டிப்ளமோ

ஓடி சேர்த்து 21,000 தாண்டினால் ஈஎஸ்ஐ கட் ஆகிவிடும், அதனால் ஓடி பார்க்காதே என்கிறார்கள். உண்மையா?

#11 சம்பளச்சீட்டு

இல்லை. 21,000 உச்சவரம்பைப் பார்க்கும்போது ஓடியைச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பிடித்தம் 0.75 சதவீதம் ஓடி தொகைக்கும் உண்டு. இன்க்ரிமென்டில் நடுவில் 21,000 தாண்டினாலும் அந்தப் பருவம் முடியும் வரை (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) தொடரும். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய பருவத்தில் 78 நாள் சந்தா விழுந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி லாஸ் ஆஃப் பே போட்டு இந்த 78-ஐக் கோட்டைவிடுகிறார்கள்.

#12 பாலக்கோடு_நிலா

பெண்கள் நிறைய பேர் சேருவதால் இதையும் எழுதுகிறேன்.

பயணம்: தருமபுரியிலிருந்து ஓசூர் சுமார் 90 கிலோமீட்டர். 844 நெடுஞ்சாலையில் பாலக்கோடு, ராயக்கோட்டை வழி போனாலும் பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று ஏற்றினால் இரண்டு மணி நேரம். போக வர நாலு, வேலை எட்டு, ஓடி நாலு. மிச்சம் எட்டு மணி நேரத்தில் தூக்கம், சமையல், துணி. ஓடி உள்ள லைன் என்றால் ஹாஸ்டல்தான் கட்டுப்படியாகும். பஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும், வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஹாஸ்டலில் முதலில் தண்ணீரைப் பாருங்கள். நம்ம இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிக்க ஒகேனக்கல் தண்ணீரா, ஆர்ஓவா, வெறும் போரா என்று கேளுங்கள். சாப்பாடு எங்கும் ஒரே சாம்பார்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உள்ளே: வளையல், கொலுசு, மெட்டி, பூ, எதுவும் ஈஎஸ்டி பகுதியில் ஆகாது. தாலியை உள்ளே விட்டு டேப் ஒட்டச் சொல்வார்கள். சில இடத்தில் கழற்றச் சொல்வார்கள். அதைச் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொண்டால் முதல் நாள் கேட்டில் நின்று அழ வேண்டாம்.

நைட் ஷிப்டுக்கு எழுத்தில் உங்கள் சம்மதம் வேண்டும், வீட்டு வாசல் வரை வண்டி வேண்டும். 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். கான்ட்ராக்ட் ஆளும் அங்கே புகார் தரலாம். குழு உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும்.

பாத்ரூம் விஷயத்தைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். 480 நிமிட ஷிப்டில் சாப்பாடு 30, டீ இரண்டு தடவை பத்துப் பத்து. மிச்சம் 430 நிமிடம், அதாவது 25,800 வினாடி. டார்கெட் 900 என்றால் ஒரு பீஸுக்கு 28 வினாடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நிமிடம் எழுந்தால் பத்துப் பீஸ் குறையும். ரிலீவர் (எழுந்து போனால் இடத்தைப் பார்க்கும் மாற்று ஆள்) இல்லாத லைனில் தண்ணீர் குடிக்காமலே உட்காருகிறார்கள், அப்புறம் சிறுநீர்த் தொற்று. லைனுக்கு எத்தனை ரிலீவர் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். பதினைந்து பேருக்கு ஒருவராவது இருந்தால் பரவாயில்லை.

#13 ராயக்கோட்டை_தக்காளி

இவ்வளவு பார்த்துப் போவதற்கு தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றலாம் போல. இரண்டு வருடம் ஓட்டினால் நிரந்தரம் ஆக்குவார்களா, அதைச் சொல்லுங்கள்.

#14 கெலமங்கலம்_சட்டம்

மண்டியில் தை மாதம் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ்நாட்டில் 1981-ல் தனிச் சட்டம் இருக்கிறது: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி. அதைச் சுற்றிப் போகத்தான் பதினோரு மாதத்தில் கான்ட்ராக்டர் பெயர் மாறும், ஐடி கார்டு நிறம் மாறும், லைன் அதேதான் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படியுங்கள். "ராஜினாமா" என்று இருந்தால் போடுவதற்கு முன் கேளுங்கள், ஒரு பிரதி வாங்குங்கள். எல்லா மாதச் சம்பளச்சீட்டும், ஆஜர் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டும், பஸ் பாஸும் மெயிலில் போட்டு வையுங்கள். கார்டு முடக்கியதும் ஆப்பும் முடங்கும். நாள் கணக்கைப் பிறகு நிரூபிக்க வேண்டியது உங்கள் பக்கம். புகார் போகும் இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

#15 லைன்_லீடர்_பர்கூர்

நிரந்தரத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் கையில் ஒன்றைப் பிடியுங்கள். ரீவொர்க் டேபிளுக்கு ஆள் கேட்டால் முதலில் கை தூக்குங்கள். எல்லாரும் அதைத் தண்டனை என்று நினைப்பார்கள், ஆனால் டிஃபெக்ட் ஏன் வருகிறது என்று அங்கேதான் தெரியும். ஐபிசி 610 (போர்டின் தரம் பார்க்கும் சர்வதேச விதிமுறை) சான்று கம்பெனி செலவில் எடுத்துக்கொடுத்தால் விடாதீர்கள், இரண்டு வருடம் செல்லும், எந்த எஸ்எம்டி கம்பெனியிலும் பேசும். பேட்டரி பக்கம் என்றால் டார்க் டூல் (ஸ்க்ரூவை அளவான இறுக்கத்தில் முடுக்கும் கருவி) புரோகிராம், லீக் டெஸ்ட், கடைசி டெஸ்டில் ஃபெயில் கோடு படிப்பது. வெறும் ஸ்க்ரூ போட்டது ரெஸ்யூமேவில் ஒரு வரிக்கு மேல் வராது.

#16 ஊத்தங்கரை_டிப்ளமோ

கடைசியா ஒன்று. கான்ட்ராக்டர் மாறியபோது பழையவர் பிஎஃபில் வெளியேறிய தேதி போடாமல் விட்டுவிட்டால்? பழைய பணம் மாற்ற முடியவில்லை என்கிறார்கள். போனும் எடுப்பதில்லை.

#17 சம்பளச்சீட்டு

நீங்களே போடலாம். கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) போர்ட்டலில் மேனேஜ் பகுதிக்குப் போய் மார்க் எக்ஸிட், பழைய கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்து, சந்தா விழுந்த கடைசி மாதத்துக்குள் ஒரு தேதி, காரணம், ஆதார் ஓடிபி. தேதியைச் சீட்டைப் பார்த்துப் போடுங்கள், தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு. அது ஏறியபின் ஆன்லைனிலேயே டிரான்ஸ்ஃபர் கோரிக்கை. புதுக் கான்ட்ராக்டர் உங்களுக்கு இன்னொரு யூஏஎன் உருவாக்கியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். சேரும்போது பழைய எண்ணைக் கொடுக்காவிட்டால் அப்படி நடக்கும். அப்படி இருந்தால் முதலில் பழைய யூஏஎன்னில் வெளியேறிய தேதியைப் போடுங்கள், அப்புறம் அதிலிருந்து பணத்தைப் புதியதற்கு நகர்த்துங்கள்.

#18 ஊத்தங்கரை_டிப்ளமோ

இரண்டு யூஏஎன் இருக்கு அண்ணா. இப்போதான் பார்த்தேன்.